சந்தா கட்டாத பெலோட்டான்: வீட்டு சைக்கிளில் எது உங்களுடையது, எது கம்பெனியுடையது

பெலோட்டான் என்பது திரை பொருத்திய வீட்டு உடற்பயிற்சி சைக்கிள் விற்கும் அமெரிக்கக் கம்பெனி. அந்த பைக்கின் வகுப்புகளுக்காக மாதா மாதம் கட்டும் ‘ஆல்-ஆக்சஸ்’ சந்தா 2022 ஜூன் வரை 39 டாலர். பிறகு 44 ஆனது. 2025 அக்டோபரிலிருந்து 49.99. வருடக் கணக்குப் போட்டால் 600 டாலருக்கு 12 சென்ட்தான் குறைவு, வரி தனி. மூன்று வருடம் விடாமல் கட்டினால், பழைய சாதாரண மாடல் பைக்குக்குக் கொடுத்த 1,445 டாலரையும் தாண்டிவிடும். அதனால் பைக்கை மட்டும் தனியாக எடைபோட்டுப் பயனில்லை. சந்தா இருக்கும்போது அது ஒரு பொருள், சந்தா நின்ற மறுநாள் வேறொரு பொருள். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

முதலில் சந்தா இல்லாத பைக். திரையில் மிஞ்சுவது ‘ஜஸ்ட் ரைடு’. மிதிக்கலாம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ரெசிஸ்டன்ஸ் (மிதியின் இறுக்கம்) எத்தனை, வாட் எவ்வளவு, நேரம், தூரம் எல்லாம் தெரியும். இறங்கியதும் அந்தக் கணக்கு போய்விடும், வரலாற்றில் சேராது. நேரலை வகுப்பு, பதிவு வகுப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்கள் இடத்தைக் காட்டும் லீடர்போர்டு, காட்சிப் பாதைகள், விளையாட்டு போன்ற லேன்பிரேக், திரையிலேயே நெட்ஃபிளிக்ஸ் பார்க்கும் வசதி எல்லாம் பூட்டிக்கொள்ளும். கைக்கு எட்டும் தூரத்தில் 21.5 அங்குலத் திரை இருக்கும். அதில் நீங்கள் விரும்பும் ஒரு யூடியூப் வீடியோவைப் போட வழி இருக்காது. எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் சாதாரண மாடலில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அதன் ரெசிஸ்டன்ஸ் முழுக்க இயந்திர முறை. குமிழைத் திருகினால் நிலைக்காந்தங்கள் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் இரு பக்கமும் இறங்குகின்றன. உலோகம் காந்தப்புலத்தில் சுழலும்போது உண்டாகும் சுழல் மின்னோட்டம் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. எதுவும் எதையும் உரசுவதில்லை, எனவே தேய்ந்துபோக பிரேக் கட்டை இல்லை. குமிழைக் கீழே அழுத்தினால் மட்டும் அவசர பிரேக் பிடிக்கும். திரை செத்துப்போனாலும், கம்பெனியே இல்லாமல் போனாலும், இந்தச் சைக்கிள் சைக்கிளாக இருக்கும். விலை கூடிய மாடலான பைக் பிளஸ் அப்படியல்ல. அதில் குமிழ் மின்சமிக்ஞை மட்டும் கொடுக்கிறது, காந்தத்தை நகர்த்துவது மோட்டார். மின்சாரமும் மென்பொருளும் இருந்தால்தான் இறுக்கம் மாறும். பயிற்றுநர் சொல்லும் அளவுக்குத் தானே ரெசிஸ்டன்ஸை மாற்றிக்கொள்வதும், தரைப் பயிற்சிக்காகத் திரையைச் சுழற்றுவதும்தான் பைக் பிளஸுக்கான கூடுதல் விலையின் காரணம். வகுப்பு இல்லையென்றால் இரண்டுக்கும் வேலை இல்லை. சந்தா கட்டும் எண்ணம் இல்லாதவர் பைக் பிளஸ் பக்கம் போகவே வேண்டாம்.

சந்தா யாருக்குக் கட்டுப்படியாகும்? ஒரே சந்தாவில் வீட்டில் இருக்கும் எல்லோரும் தனித்தனிப் பெயரில் ஓட்டலாம். ஒருவர் வாரம் மூன்று முறை, மாதம் 12 முறை மிதித்தால் ஒரு தடவைக்கு 4 டாலர் 17 சென்ட். கணவன் மனைவி இருவரும் அதே அளவு மிதித்தால் பாதியாகிறது. அதே சந்தாவில் யோகா, டம்பெல் வகுப்புகளும் வருவதால், இருவர் சேர்ந்து வாரம் ஆறு முறைக்கு மேல் பயன்படுத்தும் வீட்டில் இது வீண்செலவே அல்ல. வகுப்புகளின் தரம் உயர்ந்தது. பாட்டுக்கும் தாளத்துக்கும் ஏற்ப நேரம் அமைத்திருப்பார்கள், பயிற்றுநர் சொல்லும் ரெசிஸ்டன்ஸ் எண் உங்கள் திரையில் இருக்கும் எண்ணோடு நேராகப் பொருந்தும். சந்தாவின் உண்மையான பலம் அந்தப் பொருத்தம்தான். வேறு பைக்கில் அமர்ந்து அதே வகுப்பைப் பார்த்தால் ‘நாற்பதுக்கு ஏற்றுங்கள்’ என்பது வெறும் சத்தம்.

தனி ஆளாக ஓட்டுபவர்களுக்கு இடைவழி ஒன்று இருக்கிறது. பைக்கில் ஜஸ்ட் ரைடை ஓட விட்டுவிட்டு, பெலோட்டான் ஆப்பை உங்கள் டேப்லெட்டிலோ எதிரே இருக்கும் டிவியிலோ போட்டுக்கொள்வது. பயிற்றுநர் சொல்லும் எண்ணைப் பைக்கின் திரையில் பார்த்துத் திருகிக்கொள்ளலாம். இங்கே கவனம் தேவை. ஆப்பில் இரண்டு படி உண்டு. 15.99 டாலர் ‘ஆப் ஒன்’ எடுத்தால் சைக்கிள், டிரெட்மில் போன்ற கருவி சார்ந்த வகுப்புகள் மாதத்துக்கு மூன்றுதான். வரம்பில்லாமல் வேண்டுமென்றால் 28.99 டாலர் ‘ஆப் பிளஸ்’. வருடத்துக்கு ஏறத்தாழ 348 டாலர், அதாவது ஆல்-ஆக்சஸைவிட 252 டாலர் மிச்சம். இழப்பு: லீடர்போர்டு கிடையாது, வாட் கணக்கு தானாகப் பதிவாகாது, ஒரு சந்தா ஒரு ஆளுக்கே. ஆப் சந்தாவின் கணக்கை வைத்துப் பைக்கின் திரையில் நுழைந்தால் வகுப்புகள் திறக்கும் என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். திறக்காது.

பழைய பைக் வாங்கும்போது

சந்தா இல்லாமல் ஓட்டப்போகிறவர் புதிய பெலோட்டான் வாங்குவது தேவையில்லாத செலவு. பழைய பைக் சந்தையில் நிறையக் கிடக்கிறது, வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே. பின்னாளில் சந்தா எடுக்கும் எண்ணம் இருந்தால், மற்றவரிடம் வாங்கிய பைக்குக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ஒருமுறைக் கட்டணமாக அமெரிக்காவில் 95 டாலர் வசூலிக்கிறார்கள் என்பதையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில. முன் ஃபோர்க்கின் உள்பக்கம், ஃப்ளைவீல் அருகே ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படியுங்கள். பிஎல்01 என்றிருந்தால், 2018 ஜனவரி முதல் 2023 மே வரை விற்ற சுமார் 22 லட்சம் பைக்குகளில் சீட் போஸ்ட் ஓட்டத்தின் நடுவே உடையக்கூடும் என்று 2023 மே மாதம் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது நினைவிருக்கட்டும். மாற்று சீட் போஸ்ட் இலவசம், நாமே மாட்டிக்கொள்ளலாம். பைக் பிளஸுக்கும் அதே குறைக்காக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது, அமெரிக்காவில் எட்டு லட்சத்துக்கும் மேல். விற்பவர் மாற்றிவிட்டாரா என்று கேட்டு, இல்லையென்றால் உட்காருவதற்கு முன்பே வரவழையுங்கள். மிகப் பழைய பைக்கானால் பெடலில் பிஆர்70பி என்று இருக்கிறதா பாருங்கள். 2013 முதல் 2016 மே வரை விற்ற அந்தப் பெடல்களின் அச்சு உடைந்து காலைக் கிழித்ததால் 2020 அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள்.

பிறகு மிதித்துக்கொண்டே ரெசிஸ்டன்ஸைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மெதுவாகத் திருகுங்கள். எண் இடையில் குதிக்கக்கூடாது, உறைந்து நிற்கவும் கூடாது. எண்களே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். திரைக்குப் பின்னால் போகும் டேட்டா வயர், ஹெட்போன் பின் போன்றது, அரைகுறையாகச் செருகியிருக்கும். பிடுங்கி மீண்டும் ‘க்ளிக்’ என்று உட்காரும்வரை செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண் வருகிறது, ஆனால் முப்பதிலேயே மலை ஏறுவதுபோல் இருக்கிறது அல்லது அறுபதிலும் காற்றில் மிதிப்பதுபோல் இருக்கிறது என்றால் அளவீடு நகர்ந்திருக்கிறது. சாதாரண மாடலில் வாட் அளக்கும் கருவி இல்லை. காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக மிதிக்கிறீர்கள் என்ற இரண்டையும் வைத்துப் போடும் கணக்குதான் அந்த வாட். காந்தத்தின் இடத்தைக் காட்டும் சென்சார் கொஞ்சம் நகர்ந்தாலும் எண் முழுக்கப் பொய்யாகும். ஆப்பு வடிவத் துண்டும் ஒரு வட்டும் அடங்கிய அளவீட்டுக் கிட் கொண்டு சரிசெய்யலாம். ஒரு பைக்கின் 200 வாட்டும் இன்னொரு பைக்கின் 200 வாட்டும் ஒன்றல்ல என்பது இதனால்தான். லீடர்போர்டில் யாரோ உங்களை இரண்டு மடங்கு முந்தினால் மனம் தளர வேண்டியதில்லை.

சொந்தக்காரரைக் கொண்டே கணக்கிலிருந்து வெளியேறி, திரையை ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பைக்கின் எடை 135 பவுண்டு, கிட்டத்தட்ட 61 கிலோ. திரையைக் கழற்றிப் போர்வையில் சுற்றி முன் சீட்டில் வைத்துவிட்டுத்தான் பைக்கை வண்டியில் ஏற்ற வேண்டும். திரையைப் பிடித்துத் தூக்கினால் முடிந்தது.

பெடல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய பைக்குகளில் பெரும்பாலும் நாசமாவது இதுதான். பெலோட்டான் பெடல் லுக் டெல்டா வகை. மூன்று போல்ட் க்ளீட் (பெடலில் மாட்டிக்கொள்ளும் அடித்தகடு) உள்ள ஷூ வேண்டும். இரண்டு போல்ட் எஸ்பிடி ஷூ பொருந்தாது. மரை 9/16 அங்குலம், சாதாரண சைக்கிள் கடையில் கிடைக்கும் எந்தப் பெடலையும் மாட்டலாம். 15 மி.மீ. ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல் கடிகார திசையில் இறுகும். இடதுக்குத் தலைகீழ் மரை, எதிர்த்திசையில்தான் இறுகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் நன்றாக இறுக்குங்கள். ‘டக் டக்’ என்ற சத்தத்தோடு தளர்ந்த பெடலை அப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் மரை அழியும், பிறகு கிராங்க் முழுவதையும் மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பெடலை மாற்றச் சொல்வது கம்பெனியின் பரிந்துரை. தினம் மிதிப்பவர்கள் அதைப் பின்பற்றலாம். வாரம் இரண்டு முறை மிதிப்பவர்கள் ஆடுகிறதா என்று மாதம் ஒருமுறை சோதித்தால் போதும். வியர்வையைத் துடைக்காமல் விட்டால் கைப்பிடித் தண்டு துருப்பிடிக்கும். இது சந்தாதாரருக்கும் பொது.

திறந்த பேச்சு, பூட்டிய பேச்சு

எந்தக் கருவியாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அளந்த எண்ணை அது யாரிடம் சொல்கிறது? ப்ளூடூத் அமைப்பு 2017-ல் ‘ஃபிட்னஸ் மெஷின் சர்வீஸ்’, சுருக்கமாக எஃப்டிஎம்எஸ், என்ற பொதுமொழியை வகுத்தது. அதைப் பேசும் பைக், டிரெட்மில், ரோயிங் கருவி எதுவும் எந்த ஆப்போடும் இணையும். கம்பெனி மாறினாலும் மூடினாலும் எண் உங்களுக்குக் கிடைக்கும். பெலோட்டானின் சாதாரண பைக் இந்த மொழியைப் பேசுவதில்லை. திரைக்குப் போகும் டேட்டா வயரின் நடுவே செருகி, எண்ணைப் ப்ளூடூத்தில் ஒலிபரப்பும் ‘டிஎஃப்சி’ என்ற சிறு கருவியை மூன்றாம் தரப்பு விற்கிறது. வேலை செய்கிறது. ஆனால் அளவீடு கெட்ட பைக்கில் மாட்டினால் அதே பொய் எண்ணைத்தான் வெளியே சொல்லும். காசு இருந்தால் வாட் அளக்கும் பெடல் வாங்கி மாட்டலாம். மரை பொதுவானது என்பதால் நாளை வேறு சைக்கிளுக்கும் கழற்றிக் கொண்டுபோகலாம். அதற்கேற்ற க்ளீட் மட்டும் தனியாக வேண்டியிருக்கும்.

கடையில் ஒரு கருவி இந்தப் பொதுமொழி பேசுகிறதா என்று விற்பனையாளரைக் கேட்டால் ‘ஸ்மார்ட், ப்ளூடூத் எல்லாம் இருக்கு சார்’ என்பார். ப்ளூடூத் என்ற சொல் பல சமயம் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். நீங்களே பார்த்துவிடலாம். போனில் நார்டிக் செமிகண்டக்டர் கம்பெனியின் ‘என்ஆர்எஃப் கனெக்ட்’ என்ற இலவச ஆப்பை இறக்குங்கள். கருவியை இயக்கி, பைக் என்றால் சில சுற்று மிதியுங்கள். தூங்கும் கருவி பட்டியலில் வராது. ஸ்கேன் செய்து அதன் பெயரைத் தொட்டு இணையுங்கள். உள்ளே வரும் பட்டியலில் ‘ஃபிட்னஸ் மெஷின்’ என்றோ 1826 என்ற எண்ணோ இருந்தால் எஃப்டிஎம்எஸ் உண்டு. 1818 இருந்தால் சைக்கிள் பவர், 1816 இருந்தால் வேகமும் சுற்றும் மட்டும். ஃபிட்னஸ் மெஷினுக்குள் ‘கன்ட்ரோல் பாயின்ட்’ என்ற வரியும் இருந்தால், ஆப் தானே ரெசிஸ்டன்ஸை மாற்ற வாய்ப்பு உண்டு. பெயர் தெரியாத ஒற்றைச் சேவை மட்டும் தெரிந்தால் அது கம்பெனியின் சொந்த மொழி. ஐந்து நிமிட வேலை. சென்னையின் கடையிலும் நியூ ஜெர்சியின் கடையிலும் ஒரே மாதிரி நடக்கும். பெலோட்டான் இந்தியாவில் விற்பனைக்கு இல்லை, ஆனால் இந்தச் சோதனை அங்கே விற்கும் எல்லா ‘ஸ்மார்ட்’ பைக்குக்கும் பொருந்தும்.

பூட்டிய மொழியின் ஆபத்துக்கு இரண்டு சாட்சிகள். ஃப்ளைவீல் என்ற கம்பெனி வீட்டு பைக் விற்றது. பேட்டன்ட் வழக்கில் பெலோட்டானோடு 2020 பிப்ரவரியில் சமரசமாகி, மார்ச்சோடு அதன் வீட்டு வகுப்புச் சேவை நின்றது. வாங்கியவர்களுக்குப் புதுப்பித்த பெலோட்டான் பைக்கை மாற்றாகக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் அதிர்ஷ்டம். இரண்டாவது, எக்கலான் என்ற இன்னொரு பைக் கம்பெனி. அதன் பைக்குகளை ‘க்யூஇசட்’ என்ற ஆப் வழியாக, திரையில் கற்பனைப் பாதையில் சைக்கிள் ஓட்டும் ஸ்விஃப்ட் ஆப் போன்றவற்றோடு இணைத்துப் பலர் சந்தா இல்லாமல் ஓட்டிவந்தார்கள். 2025 ஜூலையில் வந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்புக்குப் பிறகு, கருவி இயங்கும்போதே கம்பெனி சர்வரைத் தொடர்புகொண்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது, மற்ற ஆப்கள் அடைபட்டன என்று க்யூஇசட்டை எழுதியவர் விளக்கினார். பணம் கொடுத்து வாங்கிய பிறகு, வீட்டுக்குள் இருக்கும் பொருளின் இயல்பே ஒரு புதுப்பிப்பில் மாறியது. எக்கலான் வைத்திருந்து இன்னும் புதுப்பிக்காதவர்கள் அவசரப்பட்டு ‘அப்டேட்’டைத் தொட வேண்டாம்.

நேர் எதிர் உதாரணம் ஷ்வின் ஐசி4. போஃப்ளெக்ஸ் சி6 என்ற பெயரிலும் அதே பைக்தான். 40 பவுண்டு ஃப்ளைவீல், 100 படி காந்த ரெசிஸ்டன்ஸ், ஒருபக்கம் எஸ்பிடி மறுபக்கம் கால்கூடு உள்ள பெடல். பெரிய திரை கிடையாது, உங்கள் டேப்லெட்டை வைக்க ஒரு தட்டுதான். எண்ணைத் திறந்த மொழியில் ஒலிபரப்புகிறது. இதைச் செய்த கம்பெனி 2024 மார்ச்சில் திவால் மனு போட்டது, 37.5 மில்லியன் டாலருக்கு ஜான்சன் ஹெல்த் டெக் சொத்துகளை வாங்கிக்கொண்டது. அந்த மாதத்திலும் இந்த பைக்குகள் ஸ்விஃப்டிலும் மற்ற ஆப்களிலும் வழக்கம்போல் ஓடின. குறை: குமிழ் கைக்குமிழ்தான். ஸ்விஃப்டில் மலை வந்தால் பைக் தானே இறுகாது, நீங்கள்தான் திருக வேண்டும். வாட் கணக்கும் மதிப்பீடுதான், துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். சந்தா வேண்டாம் என்று இப்போதே முடிவெடுத்தவருக்குப் பெலோட்டானைவிட இது நல்ல பைக்.

திறந்த மொழி இருந்தும் ‘கனெக்ட் ஆகவில்லை’ என்ற புகார்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் ஒன்றே: இந்தக் கருவிகளில் பல ஒரே நேரத்தில் ஒரு ஆப்போடு மட்டும் பேசும். பழைய போனிலோ டிவியிலோ வேறு ஆப் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதிய ஆப்புக்குத் தெரியாது. மற்ற ஆப்களை முழுவதும் மூடுங்கள். போனின் ப்ளூடூத் அமைப்பில் கருவியை ‘பேர்’ செய்யாதீர்கள், செய்திருந்தால் நீக்குங்கள். பயிற்சி ஆப்புக்கு உள்ளிருந்தே இணையுங்கள். ஆண்ட்ராய்டில் அருகிலுள்ள சாதனம், இருப்பிடம் இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள். பிறகும் வரவில்லையென்றால் கருவியின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

ஆப்களில் ஸ்விஃப்ட் மாதம் 19.99 டாலர், டிரெட்மில்லில் ஓடுபவர்களுக்கு மட்டும் இலவசம். மைவூஷ் முழுக்க இலவசம், உலக இ-ஸ்போர்ட்ஸ் சைக்கிள் சாம்பியன்ஷிப்பே அதில் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் வாட் எண் வேண்டும். வெறும் ஸ்பின் பைக்கும் கிராங்கில் கட்டிய, சுற்றை மட்டும் எண்ணும் கேடன்ஸ் சென்சாரும் வைத்திருப்பவர்கள் இவற்றில் சைக்கிள் ஓட்ட முடியாது; அவர்களுக்குப் பெலோட்டான் ஆப், அல்லது யூடியூபில் இலவசமாகக் கிடக்கும் ஜிசிஎன் சேனலின் வீட்டுப் பயிற்சிகள் போதும். ரெசிஸ்டன்ஸ் எண்ணை விட்டுவிட்டு, பத்துக்கு எத்தனை கஷ்டமாக இருக்கிறது என்ற கணக்கில் பின்பற்றுங்கள்.

டிரெட்மில், ரோயிங், மற்றவை

டிரெட்மில்லுக்கு சந்தா அவ்வளவு அவசியமே இல்லை. வேகம், சாய்வு இரண்டு பொத்தான்; நடை என்பது நடைதான். நார்டிக்ட்ராக் கருவியில் ஐஃபிட் என்ற அதன் சந்தா இல்லாவிட்டாலும் கையால் இயக்கும் முறை வேலை செய்யும். சந்தாவின் தனிச்சுவை, வீடியோவில் பாதை ஏறும்போது டிரெட்மில்லும் தானே ஏறுவது. அதற்கு மாதம் 39 டாலர் தரலாமா என்பது உங்கள் ரசனை. முன்பு அதன் திரையைப் பத்து முறை தட்டி, ஏழு நொடி பொறுத்து, மீண்டும் பத்து முறை தட்டினால் உள்ளிருக்கும் ஆண்ட்ராய்டு திறக்கும், அதில் எந்த வீடியோவும் பார்க்கலாம். 2021 அக்டோபரில் ஒரு புதுப்பிப்பு வந்து அந்த வழியை அடைத்தது. பழைய யூடியூப் குறிப்புகளை நம்பி வாங்காதீர்கள்.

பெலோட்டானின் டிரெட் பிளஸ் கதையைச் சந்தா பேசும்போது விட முடியாது. குழந்தைகள் பின்பக்கம் இழுபட்டு, ஒரு குழந்தை இறந்த பிறகு, 2021 மே மாதம் சுமார் 1,25,000 கருவிகளைத் திரும்பப் பெற்றார்கள். பாதுகாப்புக்காக நான்கு இலக்கக் கடவுச்சொல் பூட்டு கொண்டுவந்தார்கள், சரிதான். ஆனால் அந்தப் பூட்டு சந்தாவோடு சேர்ந்து வந்ததால், சந்தா இல்லாதவர்களின் டிரெட்மில் ஓடவே இல்லை. எதிர்ப்பு வந்ததும் முதலில் மூன்று மாதம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சமாளித்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வரும் புதுப்பிப்பையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்புபவர்கள் கன்டெய்னரில் டிரெட்மில்லையும் ஏற்றுகிறார்கள். அது 120 வோல்ட் மோட்டார். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் கன்ட்ரோல் போர்டு கருகும். ஓட்ட வேண்டுமென்றால் பெரிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது ஒரு மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும். விற்றுவிட்டு வருவதே மேல். சாதாரண பெலோட்டான் பைக்கில் மின்சாரம் திரைக்கு மட்டும்தான். அடாப்டரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி போதும்.

ரோயிங் வேண்டுமென்றால் இந்த விவாதமே தேவையில்லை: வெர்மான்ட்டின் கான்செப்ட்2 ரோஎர்க், விலை சுமார் 1,000 டாலர். அதன் பிஎம்5 மானிட்டர் ப்ளூடூத்தும், ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு வயர்லெஸ் மொழியும் பேசும். எர்க்டேட்டா ஆப்பும் இணையப் பதிவேடும் இலவசம். இரண்டு டி-செல் பேட்டரி போதும். இழுக்கும்போது ஃப்ளைவீலே மின்சாரம் கொடுப்பதால் அவை நாள்பட வரும். சங்கிலிக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய், தண்டவாளத்தைத் தினம் துடைப்பு. ஃப்ளைவீலுக்குள் போகும் காற்றின் அளவை மாற்றும் டேம்பரைப் பத்தில் வைத்து இழுப்பதுதான் வீரம் என்று பலர் நினைக்கிறார்கள். மானிட்டரில் இழுவையின் கனத்தைச் சொல்லும் ‘டிராக் ஃபேக்டர்’ என்ற எண்ணைக் காட்டச் சொல்லி 110 முதல் 130-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதே டேம்பரில் அந்த எண் மாதா மாதம் குறைந்தால் கூண்டில் தூசி அடைந்திருக்கிறது, வாக்குவம் போடுங்கள். ஹைட்ரோ என்ற இன்னொரு ரோயிங் கருவியின் திரை அழகாக இருக்கும், அதற்கும் மாதச் சந்தா உண்டு.

டோனல் போன்ற சுவர்ப் பளுக் கருவி மட்டும் தலைகீழ். பளுவே மோட்டாரில் உருவாகிறது, மாதம் 59.95 டாலர் நிறுத்தினால் பளுவை ஏற்றி இறக்கும் அடிப்படை வேலைதான் மிஞ்சும். சந்தா கட்டத் தயாரில்லை என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல இரும்பு வாங்கலாம்.

சந்தாவை நிறுத்தும்போது

நேராக ரத்து செய்வதற்கு முன் நிறுத்திவைக்கும் வசதியைப் பாருங்கள். பெலோட்டான் ஆல்-ஆக்சஸை ஒன்று முதல் மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கலாம். கோடையில் ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இது நல்ல மிச்சம். நிறுத்திவைத்த காலம் முடிந்ததும் பணம் தானே எடுபடும், காலண்டரில் குறித்துவையுங்கள். ரத்துதான் முடிவு என்றால், முதலில் கம்ப்யூட்டரில் பெலோட்டான் தளத்தில் நுழைந்து, உங்கள் பக்கத்தில் ‘வொர்க்அவுட்ஸ்’ பகுதிக்குப் போய் முழு வரலாற்றையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒவ்வொருவர் கணக்குக்கும் தனித்தனியாக இறக்க வேண்டும். அடுத்த பில் தேதிக்கு ஓரிரு நாள் முன்பே ரத்து செய்தால் அந்த மாதம் முடியும்வரை வகுப்பு ஓடும். ஆப் சந்தாவை ஆப்பிள் அல்லது கூகுள் வழியாக எடுத்திருந்தால் பெலோட்டான் தளத்தில் ரத்துப் பொத்தான் தேடிப் பயனில்லை. போனின் சந்தாப் பட்டியலில்தான் அது இருக்கும். ஆப்பைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.